வெர்லீனின் மூச்சு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவுக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். பாட்டுக்குச் சொந்தக்காரியான பாடகி வெர்லீன் ஸ்டாம்பர், வயது அறுபத்து மூன்று, தொண்டை அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். தயாரிப்பாளர் ஹாய்ட். ஸ்டீல் கித்தார் வாசிக்கும் டெல்பர்ட், கையில் ஒரு பை நிறைய இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டியோடு. பிறகு ட்ரெஸ்ஸா. அவள் பெயர் பதிவுத் தாளின் கடைசி வரியில், 'கூடப் பாடுபவர்' என்று இருந்தது.

பதினோரு வருடமாகப் பாட்டுக்காரர்களின் ஊரான நாஷ்வில்லில் ட்ரெஸ்ஸா செய்துவந்தது மாதிரிப் பாட்டு வேலை. யாரிடம் ஒரு பாட்டை விற்க வேண்டுமோ, அவர் குரலிலேயே அதைப் பாடிக் கொடுப்பது. கேட்கிறவருக்குத் தானே பாடியதுபோல இருக்க வேண்டும், இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். பத்துப் பேர் மாதிரி அவளுக்குப் பாட வரும். ஒன்பது பேர் பிழைப்புக்கு. வெர்லீன் வேறு. கென்டக்கியில் கோழி வெட்டும் ஆலையில் ட்ரெஸ்ஸா ரப்பர் பூட்ஸோடு நின்ற வருடங்களிலெல்லாம் காதில் ஓடிக்கொண்டிருந்தது அந்தக் குரல்தான். உச்சத்துக்கு ஏறுமுன் வெர்லீன் ஒரு சின்ன மூச்சை இழுப்பாள், அறுந்துவிடும்போல. அந்த ஒரு மூச்சுக்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன் என்று ட்ரெஸ்ஸா ஒருமுறை போதையில் உளறியிருக்கிறாள். பொய்யில்லை.

நேற்று மூன்றாவது சரணம் வெர்லீனுக்கு வரவேயில்லை. பதினான்கு முறை பாடிப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கார் நகர்ந்ததும் ஹாய்ட் ட்ரெஸ்ஸாவிடம், "அந்த நாலு வரியை நீ அவங்க குரல்ல பாடி வச்சிரு. நாளைக்கு அதைக் கேட்டுக்கிட்டே பாடிருவாங்க" என்றான். ட்ரெஸ்ஸா பாடினாள். ஒரே தடவைதான். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவள் பாடியதில்லை.

இப்போது ஹாய்ட் பாட்டை முழுசாக ஓடவிட்டான். மூன்றாவது சரணம் வந்தது. ட்ரெஸ்ஸா பாடியதை ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. டெல்பர்ட் மெல்வதை நிறுத்தினான்; அவனுக்கும் காது உண்டு. வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேட்டீங்களாடா? அந்த டாக்டர் பய என்ன சொன்னான்? இனிமே சர்ச்சுல முணுமுணுக்கத்தான் லாயக்குன்னான். நேத்து எத்தனையாவது தடவை பாடினது இது?"

"ஒன்பதாவது" என்றான் ஹாய்ட், இமைக்காமல்.

"சனிக்கிழமை மேடைக் கச்சேரிக்கு முடியாதுன்னு சொல்லியிருந்தேன்ல? போன் போடு. வர்றேன்னு சொல்லு. இதையே பாடறேன், ரேடியோவுல நேரடியா."

ட்ரெஸ்ஸா வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் குரல் வெர்லீன் பெயரில் ஊரெல்லாம் போகும். அதைவிடப் பெரிய பேறு அவளுக்கு இல்லை. ஆனால் சனிக்கிழமை நாலாயிரம் பேர் முன்னால் அந்தக் கிழவியின் தொண்டை உடையும்.

"வெர்லீன் அம்மா, அந்த நாலு வரி நான் பாடினது."

"என்ன உளறுற கண்ணு? என் மூச்சு எனக்குத் தெரியாதா?"

ட்ரெஸ்ஸா விளக்கம் சொல்லவில்லை. மைக் இல்லாமல், நின்ற இடத்திலேயே பாடினாள். அந்த மூச்சை இழுத்து, ஏறி, நிறுத்தினாள். ஹாய்ட் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை எங்கடி கத்துக்கிட்ட?"

"உங்ககிட்டதான். உங்க எல்லாப் பாட்டுலயும் இருக்கே. அது ஒண்ணுதாம்மா எனக்கு..."

"அது இழுப்புடி." வெர்லீன் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு. "பதினாறு வயசுல பஞ்சாலைத் தூசியில வந்த ஆஸ்துமா. வெளிய கேட்டுரக் கூடாதேன்னு முப்பது வருஷம் செத்தேன். நீ அதையா பொறுக்கி எடுத்த?"

இப்போதும் அதுதான் அழகு என்று சொல்ல ட்ரெஸ்ஸாவுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அடித்தாலும் அடிப்பாள்.

"அழிச்சிரு ஹாய்ட். நான் பார்க்க அழி." அவன் அழித்தான். "நீ வெளிய போடி. நீ கேட்டுக்கிட்டு நின்னா எனக்கு வராது."

"அப்போ சனிக்கிழமை?" என்றான் ஹாய்ட்.

"இன்னுமா போன் போடல நீ?"

டெல்பர்ட் பிஸ்கட் பையை ட்ரெஸ்ஸா பக்கம் நீட்டினான். அவள் வாங்காமல் நடைவழிக்கு வந்தாள். வெர்லீனே பின்னால் வந்து அந்தக் கனத்த கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள். சத்தமெல்லாம் அறுந்தது. கதவின் சின்னக் கண்ணாடியில் அவள் உதடுகள் அசைந்தன. திட்டுகிறாளா, பாட ஆரம்பித்துவிட்டாளா என்று தெரிவதற்குள் அவள் உள்ளிருந்து தாழைப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.