கொக்கி வைத்த பூ

அச்சகக்காரர் காலையில் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, ஏதோ ஒரு சங்கத்துக்குப் போஸ்டர். ரோஸ்டெல்லம்னு ஒண்ணாம். அதைப் பெரிசா, கலரா வரையணுமாம். சாயங்காலமே வேணும். எழுத்தை நாங்க போட்டுக்கறோம்."

ரோஸ்டெல்லம் என்றால் ஆளா, ஊரா என்று ஓவியருக்குத் தெரியாது. நல்ல வேளையாக, அவர் கணவர் கால்நடை மருத்துவர். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இது தெரியாதா? நாடாப்புழுவோட தலை உச்சி. சுத்திலும் கொக்கி இருக்கும். கிளினிக்குக்கு வா, மைக்ரோஸ்கோப்புல காட்டறேன்."

அருவருப்பாக இருக்கும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஓவியர் குனிந்தார். நாலு வட்ட உறிஞ்சிகள். நடுவே கிரீடம் போலக் கொக்கி வரிசை. கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ரோஜா நிறமும் பொன் நிறமுமாகக் குழைத்து, சொன்ன நேரத்துக்கு வரைந்து கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு பெண்மணி போனில் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர்.

"நீங்க வரைஞ்சது எந்த ஆர்க்கிட்மா? முப்பது வருஷமா வளர்க்கறேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல. நாலு பேர் கன்னு கேக்கறாங்க!"

"ஆர்க்கிட்டா?" என்றபடி ஓவியர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அவசரமாகச் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

இருவரும் சங்கம் நடத்தும் மலர்க் கண்காட்சி அரங்குக்கு ஓடினார்கள். வாசலில் 'மலர் உலகின் அதிசயம்' என்ற தலைப்புக்குக் கீழே, கதவு உயரத்துக்கு நாடாப்புழு. அதன் முன்னால் ஒரு தம்பதி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைக் கேட்ட செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் சொன்னதும் சரிதான். லத்தீன்ல குட்டி அலகுன்னு அர்த்தம். விலங்கியல்காரங்க புழுவுக்கு வச்சாங்க, தாவரவியல்காரங்க பூவுக்கு வச்சாங்க. இங்க வாங்க, எங்களுதைக் காட்டறேன்."

ஒரு வெள்ளைப் பூவின் நடுவில் மிளகளவு மூக்கு. பென்சில் முனையால் தொடச் சொன்னார். ஓவியர் தொட்டு எடுத்தபோது, முனையில் இரண்டு மஞ்சள் மகரந்த உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

"அய்யோ, பிச்சுட்டேனா?"

"இல்லம்மா. பென்சிலை வண்டுன்னு நெனச்சுக் கொடுத்தனுப்பியிருக்கு."

ஓவியர் அங்கேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அந்தப் பூவை வரையத் தொடங்கினார்.

"பழைய படத்தைக் கழட்டிடலாமா?" என்று கணவர் மெல்லக் கேட்டார்.

"கழட்டறதாவது! நீங்க பக்கத்துல நின்னு வர்றவங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லுங்க. அதான் உங்களுக்குத் தண்டனை" என்றார் செயலாளர்.

முதல் பத்து நிமிடம் கணவர் முணுமுணுத்தார். பிறகு கை நீட்டி, குரல் உயர்த்தி, வெளுத்துவாங்கினார். மாலைக்குள் பதினோரு பேர் தங்கள் நாய்க்குப் பூச்சி மருந்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். அரங்கைப் பூட்ட வேண்டும் என்று செயலாளர் இரண்டு முறை வந்து சொல்ல வேண்டியிருந்தது.