நிலவறையில் 1990

1.

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. எதிர்வீட்டில் கேட்ட ஒரு "வேணாம்"தான் இதற்கு வித்து. சொன்னவர் கஸ்பர் ஃபுரர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். சுவிட்சர்லாந்தில் எங்கள் ஊரான எர்ஸ்ட்ஃபெல்ட்டின் ரயில் நிலையத்தைக் கைக்கடக்கமான பொம்மையாகச் செய்து வீட்டு நிலவறையில் வைத்திருக்கிறார். அங்கே எப்போதும் 1990. அதற்குப் பிறகு வந்த எதற்கும் உள்ளே இடமில்லை. ஆசையாக நான் வாங்கிப்போன பொம்மைக் காரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது தொண்ணூத்தி மூணு மாடல்" என்று கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

இப்படி ஒரு காலத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது இங்கே பொம்மை ரயில்காரர்களுக்கு வழக்கம்தான், யாரும் காரணம் கேட்பதில்லை. கஸ்பரின் காரணம் எனக்குத் தெரியும். 1991இல் அவருடைய ஒரே மகள் லிவியா பத்தொன்பது வயதில் கனடாவுக்குப் போனாள்.

2.

முதல் தொடக்கம்: "பனிமலையின் மடியில் ஒரு சிவப்பு எஞ்சின்..."

(விட்டுவிட்டேன். மலை வந்துவிட்டால் நீங்கள் கதையை விட்டுவிட்டு மலையைப் பார்ப்பீர்கள்.)

இரண்டாவது: கஸ்பரின் பிறந்தநாளன்று மனைவி எர்னா ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

இது போதும். பெட்டிக்குள் சிவப்பு மின்சார எஞ்சின். வேலையின் கடைசி வருடங்களில் கஸ்பர் ஓட்டியதன் அதே அச்சு.

"கடைக் கண்ணாடில மூக்க ஒட்டிக்கிட்டு நிக்கிறியே, இந்தா. ஓட்டு."

"வேணாம், எர்னா. இது தொண்ணூத்திரெண்டுல ஓட வந்தது."

"அதனால?"

"கீழ தொண்ணூறு."

"கீழ மட்டும்தான் தொண்ணூறு. என் முட்டியக் கேட்டுப் பாரு, என்ன வருஷம்னு சொல்லும்."

3.

இங்கே எனக்குக் கஸ்பர்மீது சந்தேகம் வந்தது. என் வரைவில் அவர் வெறும் பிடிவாதக்காரர். ஆனால் பிடிவாதக்காரர் எஞ்சினை இரண்டு கையாலும் எடுத்து, அதன் கூரைமேல் மடங்கிக் கிடந்த, மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கம்பிக்கையை நகத்தால் அவ்வளவு மெல்லத் தூக்கி விடுவாரா?

[அவருடைய பொம்மை ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் மின்சாரம் கிடையாது. அது தண்டவாளத்தில்தான் வருகிறது. ஆனாலும் எஞ்சினின் கை கம்பியைத் தொட்டாக வேண்டும். "தொடலன்னா எப்படி ஓடும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார், சிரிக்காமல்.]

"இத ஓட்டிட்டா," என்றார், "அவ போயிட்டான்னு ஆயிடும்."

"போயிட்டாதான்யா. ஞாயித்துக்கிழம போன் அடிச்சா நீ கீழ எறங்கிடுற. அப்பா பேச மாட்டாரான்னு ஒவ்வொரு தடவையும் கேக்குறா."

"அந்தக் குரல் யாருதுன்னே எனக்குத் தெரியல."

"அம்பத்திரெண்டு வயசுக் குரல். உன் பொண்ணோடதுதான்."

பத்தொன்பது வயதுக் குரலுக்காக அந்த மனிதர் எப்படி ஏங்குகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதுவதை ஒரு வாரம் நிறுத்தினேன்.

4.

முடிவு அ: எஞ்சின் ஓடுகிறது, கஸ்பர் அழுகிறார். கிழித்துப் போட்டேன். அழ வைப்பது சுலபம்.

முடிவு ஆ: எஞ்சினை மாடியில் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும். எர்னாவுக்குப் பிடிக்காது, அதனால் எனக்கும்.

முடிவு இ: ஞாயிற்றுக்கிழமை. சிவப்பு எஞ்சின் தண்டவாளத்தில் நிற்கிறது, அவரேதான் வைத்தார். மேலே போன் அடிக்கிறது. எர்னா எடுக்கவில்லை, சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கஸ்பர் படியேறி வந்து ரிசீவரை எடுத்து

இதற்கு மேல் வரவில்லை. அவரிடமே போய்க் கேட்டேன்: "எடுத்ததும் என்ன சொல்வீங்க?"

"அது தெரிஞ்சா எப்பவோ எடுத்திருப்பேனே" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. கதையில் ரிசீவர் இன்னும் அவர் காதில் இருக்கிறது, அந்தப் பக்கம் லிவியா மூச்சு விடுவது கேட்கிறது. முதல் வார்த்தையை நீங்களாவது சொல்லிக் கொடுங்கள்.