பதினாலாம் மைல் கம்பம்

அந்த ரயில் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதற்கு லீட்ரிம் மாவட்டத்தில் ஆளுக்கொரு கதை உண்டு. அதில் நம்பத்தகுந்தது ஒன்றே ஒன்றுதான். ஜன்னல் வழியே தொப்பி பறந்துபோன ஒருவர் இறங்கிப் போய் அதை எடுத்து உதறி, வயலில் நின்றவரோடு மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசி, அவர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்து கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டார். அந்த ரயிலுக்கு இருந்ததே ஒரு பெட்டி.

கில்லாவரிலிருந்து டிரம்பீ வரை இருபத்திரண்டு மைல். ஐம்பத்தொன்பதாம் வருஷம் பாதையை மூடினார்கள். மூடிய கையோடு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல ஊர் ஜனம் வந்து ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. லெவல் கிராசிங் கதவு ஒரு வீட்டு வாசலுக்குப் போனது. தண்டவாளக் கட்டைகள் வேலியாயின. ஸ்டேஷன் கடிகாரம் பாதிரியார் வீட்டுக்குப் போனது. அதனால் அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை இன்றுவரை பதினேழு நிமிஷம் தாமதமாகத்தான் தொடங்குகிறது. இருந்த ஒரே பெட்டியை மாலக்கி டியர்னனின் அப்பா கோழிக்கூடாக்கினார். அந்தக் கோழிகள் முதல் வகுப்பு இருக்கையில் மட்டும்தான் முட்டை இடும்.

மிச்சம் இருந்தது பதினாலாம் மைல் கம்பம் ஒன்றுதான். துண்டுத் தண்டவாளம் ஒன்றைத் தரையில் நட்டு, தலையில் எண் தகடு மாட்டியது. பழைய ரயில்பாதைச் சங்கத்தார் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் அதற்கு வெள்ளையடிப்பார்கள். சங்கத்தில் பதினாலு பேர். அந்த ரயிலில் போனவர்கள் மூன்று பேர், மற்றவர்கள் போனதாகச் சொல்பவர்கள்.

ஃபின்டன் கெராட்டி உண்மையிலேயே போனவர். எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற தபால்காரர், சங்கத்தின் செயலாளர். அவருக்கு வாழ்க்கையில் பாக்கி இருந்த ஆசை ஒன்றுதான்: தன் ஊரான நாக்காடூனில் ரயில் நிலையம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அவருடைய அம்மா நாற்பத்து நாலில் கல்யாணப் பெண்ணாக, கையில் ஒரு பெட்டியும் கக்கத்தில் ஒரு வாத்துமாக அங்கேதான் இறங்கினாள். "மேடையில எறங்கினேன்" என்று சாகும்வரை சொன்னாள். ஃபின்டன் பொய் சொல்வார், அது ஊரறிந்த விஷயம். அவர் அம்மா சொன்னதில்லை.

ஆதாரமும் இருந்தது. ஓட்டுநர்களுக்குக் கொடுத்த பழைய கால அட்டவணையில் ஒரு வரி: "நாக்காடூன். பதினாலாம் மைல் கம்பத்துக்கு மேற்கே முந்நூறு கஜம். சந்தை நாளில் கை காட்டினால் நிற்கும்." ஆனால் கம்பத்திலிருந்து மேற்கே முந்நூறு கஜத்தில் கோரையும் சேறும்தான் இருந்தன. ஃபின்டன் அங்கே ஆறு தடவை தோண்டிவிட்டார். கிடைத்தது ஒரே ஒரு பூட்ஸ், அதுவும் ஐந்தாவது தடவை தோண்டியபோது அவரே தொலைத்தது.

இப்போது அந்தப் பாதை முழுக்க நடைபாதை போடப்போகிறார்கள். வழிநெடுகப் பலகைகள், கையில் விரித்துப் பார்க்க வரைபடம். எந்தெந்த ஊரில் நிலையம் இருந்தது என்ற பட்டியலைச் சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சங்கத் தலைவர் அட்ராக்டா முல்வி. கில்லாவர்க்காரி. முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர், ஓய்வுபெற்ற பிறகும் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை காலை சங்கம் மழைக்கோட்டும் முழங்கால் பூட்ஸுமாகக் கம்பத்தருகே கூடியது. அன்றைக்கு மேடை அகப்பட்டால் நாக்காடூன் வரைபடத்தில் ஏறும். இல்லையென்றால் இல்லை.

"கை காட்டினா நிக்கும்னு அட்டவணையிலயே போட்டிருக்கு டீச்சரம்மா" என்றார் ஃபின்டன்.

"மாடு குறுக்க வந்தாலும்தான் நின்னுச்சு. ஒவ்வொரு மாட்டையும் ஸ்டேஷன்னு எழுதட்டுமா ஐயா? மேடையைக் காட்டுங்க. ஒரு சாண் மேடை இருந்தாலும் போதும், கையெழுத்துப் போட்டுடறேன்."

அட்ராக்டா அநியாயக்காரி அல்ல. அவளே சக்கரக் கோலைத் தள்ளிக்கொண்டு முந்நூறு கஜம் அளந்தாள். ஏழாவது தடவையாக அதே கோரையில் வந்து நின்றார்கள். ஃபின்டன் மண்வெட்டியை இறக்கினார். தண்ணீர் வந்தது. பக்கத்தில் இறக்கினார். அங்கேயும் தண்ணீர் வந்தது. மேலேயிருந்து கொஞ்ச நேரத்தில் மிச்சத் தண்ணீரும் வந்தது.

மழை பிடித்தால் மாலக்கியின் கோழிக்கூட்டுக்குள் போய்த் தேநீர் குடிப்பது சங்கத்தின் வழக்கம். பதினாலு பேரும் பெட்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் இடமில்லை, கோழிகள் எழுந்திருக்கவில்லை. கெட்டிலோடு வந்த மாலக்கிக்கு எழுபத்து மூன்று வயது. ஃபின்டனோடு ஒரே பெஞ்சில் படித்து, ஒரே நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டப்பட்டவர்.

அட்ராக்டா பட்டியலை எடுத்து மடிமேல் வைத்துப் பேனாவைத் திறந்தாள். ஃபின்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ரொட்டியைத் தொடவில்லை. மாலக்கி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார், கெட்டிலைக் கீழே வைத்தார், சட்டையைப் பிடித்து வெளியே மழைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"டேய், ஒண்ணு சொல்றேன், அடிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்தக் கம்பம். அறுபத்திரண்டுல. நாம எடுத்த எடத்துல நான் திருப்பி நடல."

ஃபின்டனுக்கு மழை நின்றுவிட்டது போலிருந்தது. நிற்கவில்லை.

"நட்டுட்டேன்னு சொன்னியேடா."

"நட்டேன்தான். கழுதைமேல கட்டி இழுத்துட்டு வந்தேனா, நம்ம பெர்னடெட், பாதி வழியில உக்காந்துட்டா. அவளைப் பத்திதான் உனக்குத் தெரியுமே. உக்காந்தா மறுநாள்தான் எழுந்திரிப்பா. இனிமே ரயிலா வரப்போவுது, எங்க நட்டா என்னன்னு அங்கேயே நட்டுட்டு வந்துட்டேன். இன்னும் அரை மைல் மேற்க போயிருக்கணும்."

"அம்பத்தாறு வருஷமா ஏன்டா சொல்லல?"

"நீ வெள்ளையடிச்சிட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தே. எப்படிச் சொல்றது?"

அதாவது, மாவட்டத்தின் ரயில் ஆராய்ச்சி முழுவதும் அரை நூற்றாண்டாக ஒரு கழுதை உட்கார்ந்த இடத்திலிருந்து அளக்கப்பட்டிருந்தது.

ஃபின்டன் உள்ளே ஓடப்போனவர் படியில் நின்றுவிட்டார். கம்பம் இடம் மாறியது என்றால், யார் மாற்றியது, எதற்கு மாற்றியது என்று டீச்சரம்மா கேட்பாள். எதற்கு என்பது நாக்காடூனில் உயிரோடிருக்கும் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் அப்போது மழையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அறுபத்திரண்டில் கால்பந்து இறுதி ஆட்டம், நாக்காடூனுக்கும் கில்லாவருக்கும். அன்று காலை மாலக்கி வீட்டுக் காளை முதுகு சொறிந்ததில் கோல் கம்பம் ஒன்று முறிந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் நேராக நின்றது மைல் கம்பம் ஒன்றுதான். இருவரும் அதைப் பிடுங்கி வந்து, எண் தகட்டைக் கழற்றி, சுண்ணாம்படித்து, உயரம் போதாததால் உச்சியில் ஒரு மரக்கழியைக் கட்டி நட்டார்கள். நாக்காடூன் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. கடைசி நிமிஷத்தில் கில்லாவரின் டெக்லன் முல்வி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல்கீப்பர் ஃபின்டன். கோப்பை இன்றும் மதுக்கடை அலமாரியில் இருக்கிறது, அதில் அவர் பெயர் இருக்கிறது.

டெக்லனின் தங்கை அட்ராக்டா, அப்போது பன்னிரண்டு வயது, கோலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பந்து பட்டதும் கம்பம் மணி மாதிரிக் கணீரென்றது என்றாள். மரக் கம்பம் எப்படியம்மா கணீர் என்னும்? ஆறு மணி ஜெப மணியைக் கேட்டிருப்பாள் என்றார்கள். அப்போது மணி ஆறாகவில்லை என்றாள். அதற்கும் சிரித்தார்கள். பத்து வருஷத்துக்கு அவளைத் தெருவில் கண்டவர்கள் "டாங்" என்றார்கள். முதலில் சொன்னவர் ஃபின்டன்.

"மாடு தள்ளிடுச்சுன்னு சொல்லிடு" என்றார் மாலக்கி.

"அரை மைலா?"

"நல்ல மாடு."

ஃபின்டன் தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அட்ராக்டாவின் பேனா பட்டியலின் அடியில், கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தது.

"டீச்சரம்மா, கையெழுத்துப் போடாதீங்க. கம்பம் தப்பான எடத்துல இருக்கு. பிடுங்கினது நானும் மாலக்கியும். அறுபத்திரண்டு இறுதி ஆட்டத்துக்குக் கோல் கம்பம் இல்ல, அதை நட்டோம்."

பேனா பட்டியலிலிருந்து எழும்பியது.

"எந்தப் பக்கத்துக் கம்பம்?" என்றாள் அட்ராக்டா.

"உங்கண்ணன் அடிச்ச பக்கம்."

"இரும்பு."

"இரும்புதான்."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் ஃபின்டன், ஆரம்பித்துவிட்டபடியால். "பழைய குழியில மரத்துண்டு மாட்டிக்கிச்சு. அதனால கொஞ்சம் உள்ள தள்ளி நட்டோம்."

"எவ்வளவு உள்ள?"

"ஒரு அடி."

வாசலிலிருந்து மாலக்கி இருமினார்.

"ஒன்றரை" என்றார் ஃபின்டன்.

"எழுந்திரிங்க" என்றாள் அட்ராக்டா. முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் பெட்டி முழுவதும் எழுந்தது. ஒரு கோழியும் எழுந்தது.

எல்லாரையும் கம்பத்துக்குத் திரும்ப நடத்திக்கொண்டு போனாள். ஃபின்டன் கையிலிருந்த மண்வெட்டியைக் காட்டி, "அடிங்க" என்றாள். அவர் அடித்தார். கணீரென்ற ஓசை சேற்றுநிலத்தைத் தாண்டி, மலையில் முட்டி, பக்கத்து மாவட்டத்தில் இரண்டு நாய்களை எழுப்பிவிட்டுத் திரும்பி வந்தது.

அட்ராக்டா கண்ணை மூடிக் கேட்டாள். "அதேதான். சரி, கம்பம் முதல்ல எங்க இருந்துச்சு?"

மாலக்கி முன்னால் நடந்தார். அரை மைல் மேற்கே, பாதைக்கு அடியில் மாடுகள் புகுந்து போகும் சின்னக் கல் வளைவுக்குப் பக்கத்தில் நின்று, பூட்ஸ் குதிகாலால் தரையைக் குத்தினார். குழி இன்னும் இருந்தது. அதில் தவளை குடியிருந்தது. அட்ராக்டா குழியின் ஓரத்தில் சக்கரத்தை வைத்து மேற்கே தள்ளினாள். மற்றவர்கள் எல்லாரும் பின்னால். நூறு. இருநூறு. இருநூற்றுத் தொண்ணூறாவது கஜத்தில் ஆள் உயர முள்புதர் வழியை மறித்தது.

ஃபின்டன் அரிவாளைக் கேட்கவில்லை, மழைக்கோட்டோடு உள்ளே புகுந்தார். கொஞ்ச நேரம் கோட்டு கிழிகிற சத்தமும், அம்மாவின் ஆன்மாவுக்கு நல்லதல்லாத இரண்டொரு வார்த்தைகளும் கேட்டன. அப்புறம் "தொம்" என்று ஒரு சத்தம். முழங்கால் எதிலோ இடித்தது.

புதரை வெட்டி விலக்கினார்கள். படுக்கவைத்து அடுக்கிய தண்டவாளக் கட்டைகள், மூன்று வரிசை. உள்ளே கல்லும் நிலக்கரிச் சாம்பலும் நிரப்பி மட்டம் தட்டியிருந்தது. நீளம் எட்டுத் தப்படி. ஒரே ஒரு கதவு திறக்க, ஒரே ஒரு பெண் இறங்க, ஒரு பெட்டியும் ஒரு வாத்தும் வைக்கத் தாராளம்.

ஃபின்டன் அதன்மேல் ஏறி நின்றார். வழக்கமாக அந்த மாதிரி நேரத்தில் பேசுவதற்கு அவரிடம் முக்கால் மணி நேரச் சரக்கு இருக்கும். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

"ரயில் வரும்னு நிக்கறானா?" என்றார் மாலக்கி.

அட்ராக்டா மேடையின் விளிம்பில் பட்டியலை வைத்து, நாக்காடூன் என்று அழகான பள்ளிக்கூட எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். அதோடு பேனாவை மூடவில்லை. மைல் கம்பத்தின் பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு இருந்த காலி இடத்தில், அது அறுபத்திரண்டாம் வருஷக் கோல் கம்பம் என்றும், ஒன்றரை அடி உள்ளே நடப்பட்டது என்றும், நட்டவர்கள் இருவர் பெயரையும் எழுதினாள்.

"இது வேணுமா டீச்சரம்மா?" என்றார் ஃபின்டன்.

"உங்க மேடை வரைபடத்துல ஏறுது, என் சத்தம் ஏற வேண்டாமா?"

ஃபின்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினார்.

திரும்பும் வழியில் கம்பத்தருகே அட்ராக்டா கைப்பேசியை எடுத்தாள். அண்ணன் டெக்லன் பாஸ்டனில் இருக்கிறார், எழுபத்தெட்டு வயது, புதிதாக முழங்கால் மாற்றியவர். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அவள் நல விசாரிப்பெல்லாம் செய்யவில்லை. "பேசாத, கேளு" என்று சொல்லிக் கைப்பேசியைக் கம்பத்தோடு ஒட்டிப் பிடித்தாள். ஃபின்டன் மண்வெட்டியை ஓங்கி அடித்தார்.

கணீர்.

அட்லாண்டிக் கடலின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"பக்கத்துல கெராட்டி நிக்கறானா?"

"நிக்கறேன் டெக்லன்."

"மறு ஆட்டம் எப்போ?"

ஃபின்டன் மாலக்கியைப் பார்த்தார். மாலக்கி தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

"ஈஸ்டருக்கு வா" என்றார் ஃபின்டன். "கம்பம் நாங்க கொண்டு வர்றோம்."