இளையவன் நின்ற பக்கம்

தராசுக்காரருக்கு எதையும் நிறுத்துப் பார்க்காமல் தூக்கம் வராது. கடை கடையாக ஏறி இறங்கி, தராசு சரியாக நிற்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துவது அவர் தொழில். இரண்டு தட்டும் சமமாக நின்றுவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் ஆண்டவனே வந்து வாதாடினாலும் காதில் வாங்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு வீடியோ கேமில் போய் மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை.

அது அந்தக் காலத்துப் பேஸ்பால் கேம். ஆட்களெல்லாம் சோப்புக்கட்டிக்குக் கைகால் முளைத்தது போல இருப்பார்கள். அவர் மனைவியும் அவள் அண்ணனும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வாங்கிய பெட்டி. இப்போது வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானும் மாப்பிள்ளையும் மோதுவார்கள். ஜெயித்தவர் வீட்டுக்குப் பெட்டி ஒரு வருஷம் போகும். போகும் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். நான்கு வருஷமாக அது பஸ் ஓட்டுகிற மச்சான் வீட்டு டிவிக்கு அடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

தராசுக்காரர் மனைவி தையல்காரி. நூல்கண்டு வைக்கக்கூட இடமில்லாத வீட்டில், டிவிக்கு அடியில் ஒரு தட்டை மட்டும் அவள் நான்கு வருஷமாகக் காலியாகவே வைத்திருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. போகும்போதும் வரும்போதும் தராசுக்காரர் கண் அந்தக் காலித் தட்டில்தான் போய் விழும். இந்த வருஷம் தலைகீழாக நின்றாவது பெட்டியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவுகட்டினார்.

ஆட்டத்தின் நடுவே ஒரே ஒரு மாற்று ஆளை இறக்கலாம் என்பது மச்சான் எழுதிவைத்த விதி. தராசுக்காரர் அணியில் மாற்று ஆட்கள் இரண்டு பேர். பட்டியலில் மேலே இருந்தவனுக்கு மூத்தவன் என்றும் கீழே இருந்தவனுக்கு இளையவன் என்றும் பேர் வைத்தார். அதே மீசை, அதே தொப்பி. பலம் ஏழு, ஓட்டம் ஏழு, எறிதல் ஆறு என்று எண்களும் அச்சு அசலாக ஒன்றே. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மச்சான் வீட்டுக்குப் போன ஞாயிறுகளிலெல்லாம் இருவரையும் ஆளுக்கு நாற்பது தரம் அடிக்கவைத்து, பந்து போன தூரத்தை நோட்டில் குறித்தார். கூட்டிப் பார்த்தால் இம்மியும் வித்தியாசமில்லை. யாரை இறக்கினாலும் ஒன்றுதான் என்று வீட்டில் தீர்ப்புச் சொன்னார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவி, இளையவனை இறக்குங்கள் என்றாள். தையல்காரிக்குத் தராசைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அந்த மேதாவி.

போட்டி நாள் வந்தது. மச்சான் வீட்டில் இரண்டு குடும்பமும் கூடியது. கடைசிச் சுற்றில் ஆளுக்கு மூன்று ஓட்டம், சரிசமம். தராசுக்காரர் பக்கம் இரண்டு பேர் அவுட், இன்னொருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஒருவன் மூன்றாவது பேஸில், ஓட்டத்தை முடிக்க ஒரே ஒரு கட்டம் பாக்கி வைத்து, காத்து நிற்கிறான். இனி வருகிறவன் பந்தைத் தட்டிவிட்டு, பந்து வருவதற்குள் முதல் பேஸைத் தொட்டால் அந்த ஓட்டம் சேரும், பெட்டி வீட்டுக்கு வரும். தொடாவிட்டால் ஆட்டம் சமன். சமன் என்றால் பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கும். மாற்று ஆளை இறக்க வேண்டிய நேரம். அவர் விரல் மூத்தவன் பேரில் போய் நின்றது.

"அவங்க நிக்கிற பக்கத்தைப் பாருங்க" என்றாள் பின்னால் இருந்த மனைவி. "மூத்தவன் திரையில இடது பக்கம் நின்னு அடிக்கிறான். இளையவன் வலது பக்கம். முதல் பேஸ் வலது பக்கம்தானே இருக்கு? இவனுக்கு ரெண்டு எட்டு மிச்சம்."

தராசுக்காரர் அசந்துபோனார். நாற்பது தரம் பந்தை அளந்தவர், ஆளை ஒரு தரம்கூட அளக்கவில்லை. இத்தனை வருஷம் ஆடியும் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று மச்சான் வாயைப் பிளந்தார்.

"ஆடுனவங்களுக்கு பந்துதான் தெரியும் அண்ணா" என்றாள். "நீ ஒரு நாளாவது என் கையில கொடுத்திருக்கியா? சின்ன வயசுல இருந்து உன் முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்து பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

தராசுக்காரர் தன் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பார்த்தார். அவரும்தான் கொடுத்ததில்லையே! இளையவனை இறக்கிவிட்டு, கன்ட்ரோலரை அப்படியே மனைவி மடியில் வைத்தார்.

ஆள் மாறக் கூடாது என்று மச்சான் குதித்தார். சுவரில் ஒட்டியிருந்த விதிகளை மச்சான் மனைவியே சத்தம்போட்டுப் படித்தாள்: வீட்டுக்கு ஒரு கன்ட்ரோலர். ஆளுக்கு என்று எங்கும் எழுதவில்லை. எழுதியது மச்சானின் சொந்தக் கையெழுத்து.

கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பந்து வந்தது. தட்டினாள். நோஞ்சான் அடி, பந்து உருண்டுதான் போனது. இளையவன் குட்டைக் கால்களால் குடுகுடுவென்று ஓடினான். மச்சான் பந்தைப் பொறுக்கி எறிந்தார். மயிரிழைதான், இளையவன் கால் முந்திக்கொண்டது! தராசுக்காரர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மச்சான் தங்கையின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு, தானே பெட்டியைத் துணியில் சுற்றிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலமே பெட்டி காலித் தட்டில் ஏறியது. அவள் ஆடினாள், ஆடினாள், ஆடிக்கொண்டே இருந்தாள். தராசுக்காரர் தொண்டையைச் செருமி, தனக்கும் ஒரு ஆட்டம் கிடைக்குமா என்று கேட்டார்.

"கொஞ்ச நாள் பார்த்துக்கிட்டு இருங்க" என்றாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர் அவள் முதுகுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்.