ஒரு மணி நேரத் தூரம்

செபமாலை திருச்சி பக்கம் ஆவூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஆறு மணிக்கு அவருக்கு மங்களூரிலிருந்து போன் வந்தது. அங்கே நர்ஸாக இருக்கும் மகள் பிளெஸ்ஸிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. கணவன் குவைத்தில். பக்கத்தில் ஆள் இல்லை.

அந்த ஊர்ப் பையனை அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு நான்கு வருடமாகிறது. "ஒருதடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிடும்போதெல்லாம், "அம்புட்டுத் தூரம் ஒங்கம்மாவால முடியாதும்மா" என்றே அவர் சொல்லிவந்தார்.

இப்போது போனில் தேடினார். திருச்சி விமான நிலையத்துக்கும் மங்களூர் விமான நிலையத்துக்கும் இடையே சுமார் நானூற்றெண்பது கிலோமீட்டர். பறக்க ஒரு மணி நேரம்.

"ஒரு மணி நேரந்தானா?" என்றாள் மனைவி செவந்தி. "இதையாங்க தூரம் தூரம்னீங்க?"

அவர் டிக்கெட் தேடினார். நேராகப் போகும் விமானம் கிடைக்கவில்லை. பெங்களூர் போய் மாற வேண்டும்.

பெங்களூரில் ஐந்து மணி நேரம் காத்திருந்தார்கள். செவந்தி வீங்கிய முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குப் பிறகு பிளெஸ்ஸி போனை எடுக்கவில்லை. கட்டி வந்த இட்லியைப் பிரிக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

நான்கரைக்கு விமானம் கிளம்பியது. மங்களூருக்கு மேலே போய் மழைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு, இறங்க முடியாது, பெங்களூருக்கே திரும்புகிறோம் என்று அறிவித்தார்கள்.

"கீழதானங்க ஊரு இருக்கு?" செவந்தியின் குரல் உடைந்தது. "எறக்கிவிடச் சொல்லுங்க."

செபமாலை ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்தார். வெள்ளையாக மேகம்தான் தெரிந்தது.

திரும்பி வந்து இறங்கியபோது பிளெஸ்ஸியோடு வேலை பார்க்கும் பெண்ணிடமிருந்து செய்தி வந்திருந்தது. பெண் குழந்தை. எடை ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தாய் நலம்.

அடுத்த விமானம் மறுநாள் மதியம்தான்.

"பஸ்ஸுல போயிருவோம்" என்றாள் செவந்தி.

"ராத்திரி முழுக்க ஒக்காரணும். ஒன் முட்டி தாங்குமா?"

"அது கெடக்கு. நீங்க எந்திரிங்க."

விடிந்து ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிப் படியேறினார்கள். பிளெஸ்ஸி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். செவந்தி மகளின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், துணைக்கு இருப்பவர்களுக்கான கட்டிலில் சாய்ந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள்.

செபமாலை ஸ்டூலை இழுத்து மகள் அருகே உட்கார்ந்தார். கண் எரிந்தது.

"அம்மாவால முடியாதுன்னு சொன்னதெல்லாம் பொய்ம்மா. அவ எப்பவும் வாரேன்னுதான் சொன்னா. எனக்குத்தான் மனசு வரலை."

பிளெஸ்ஸி கூரையைப் பார்த்தபடி இருந்தாள். கண்ணீர் காதோரம் இறங்கியது.

"தெரியும்ப்பா" என்றாள். "எதுனா சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார். அவள் தலையணைக்குப் பக்கத்திலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து மெல்ல ஆரம்பித்தார்.

குழந்தையைப் பார்க்க ஒருவர் மட்டும் வரலாம் என்று நர்ஸ் வந்து கூப்பிட்டாள். செபமாலை எழுந்துபோய் மனைவியின் தோளைத் தொட்டு எழுப்பினார்.