கேக் ஏறிய பஸ்

வாயில் ‘முடியாது’ என்ற சொல்லே வராத ஒருவனுக்குக் கல்யாணம் ஆனால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமா? அந்தப் பஸ் டிரைவரைப் பார்த்தால் போதும். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவனுக்கு லீவு கிடைத்திருந்தது. புதிதாகக் கல்யாணமான இன்னொரு டிரைவர் டிப்போவில் அவன் எதிரே வந்து தலையைச் சொறிந்தான். அவ்வளவுதான், நம்மாள் மனம் இளகி லீவைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். தன் மகளுக்கு இது முதல் கிறிஸ்துமஸ் என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது.

மனைவி கத்தித் தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. “ஊருக்கெல்லாம் நல்லவரு” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டுதான் மேசைமேல் ‘ணங்’கென்று பேசியது. கிறிஸ்துமஸ் காலையில் அவன் கிளம்பும்போதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகள்தான் கையை ஆட்டினாள்.

அவன் குடும்பத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்லாரும் சுற்றி நின்றால்தான் கிறிஸ்துமஸ் கேக்கில் கத்தி படும். ஒருவர் குறைந்தாலும் கேக் காத்திருக்கும். இந்த வருஷம் கேக்கைக் காயப்போடுகிற பாவம் நமக்குத்தான் என்று நொந்துகொண்டே அவன் பஸ்ஸை ஓட்டினான். கண்டக்டர் இல்லாத பஸ், டிக்கெட்டும் அவனே கொடுக்க வேண்டும்.

ஒரு நிறுத்தத்தில் கதவைத் திறந்தால் எதிரே அம்மா நிற்கிறாள். கையில் ஊதின பலூன்கள் திமிறிக்கொண்டிருந்தன.

“என்னம்மா இது?”

“நீ வீட்டுக்கு வரலேன்னா என்ன, நாங்க வர்றோம். டிக்கெட்டைக் குடு.”

“உனக்கு எதுக்கும்மா டிக்கெட்?”

“ஏன், இது உங்கப்பன் வீட்டு பஸ்ஸா?”

அடுத்த நிறுத்தத்தில் அக்காவும், பேக்கரி வைத்திருக்கும் மாமாவும் ஏறினார்கள். மாமா ஒரு பெரிய அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்திருந்தார். “மாப்ளே, பிரேக்கைப் பாத்துப் போடு. உள்ள இருக்கிறது என் மானம்” என்றார்.

டிரைவர் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, அவ வரலியா?”

“போன் பண்ணேன்டா. ‘பாக்கலாம் அண்ணி’ன்னு வச்சிட்டா.”

பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவன் கதவை மூடிக் கிளம்பினான். குடும்பமே தன்னைத் தேடி வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. ஆனால் அவள் வராமல் என்ன கிறிஸ்துமஸ்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் அவள் முகத்தைத்தான் தேடினான்.

பஸ் ஓடும்போது டிரைவரோடு பேசக் கூடாது என்று தலைக்கு மேலே எழுதி ஒட்டியிருந்தது. அதனால் குடும்பம் பயணிகளிடம் பேச ஆரம்பித்தது. மாமா ஊருக்கெல்லாம் கேக் சுட்டுவிட்டு வந்து, சொந்த வீட்டு மேசையில் தலைவைத்துத் தூங்கிப்போன வருஷத்தை அம்மா சொன்னாள். அவரை எழுப்ப மனசு வராமல் அத்தனை பாட்டையும் கிசுகிசுவென்று பாடினார்களாம். பஸ்ஸே சிரித்தது. தேவாலயத்தில் எல்லாரும் பாட்டை முடித்த பிறகும் அம்மா மட்டும் தனியாக ஒரு சரணம் பாடிய கதையைச் சொல்லி மாமா கணக்கைத் தீர்த்துக்கொண்டார். பிறகு அக்கா தொண்டையைக் கனைத்தாள்.

“ஒரு வருஷம் கேக்மேல சர்க்கரையில ஒரு தேவதூதன் வச்சிருந்தோம். வெட்டப் போனா ஆளைக் காணோம். யார் முழுங்கினா தெரியுமா? இதோ, பஸ் ஓட்டுறாரே, இவருதான்.”

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு விளக்கில் பஸ் நின்றதும் திரும்பிக் கத்தினான். “அது நான் இல்ல! அக்காதான்!”

“அடப்பாவி! இத்தனை வருஷம் காட்டிக்குடுக்காதவன் இன்னிக்கா வாயத் தொறக்கணும்?”

“தம்பி, பச்சை விழுந்திடுச்சு” என்று முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் அதட்டினார். அவர் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

கடைசி நிறுத்தம் டிரைவரின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். பயணிகளில் பாதிப் பேர் இறங்காமல் கேக்குக்காக உட்கார்ந்துவிட்டார்கள். மாமா பின்சீட்டில் பெட்டியைத் திறந்தார். அம்மா கத்தியை எடுத்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடியும் கீழே வைத்தாள். டிரைவர் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில் ஒரு காகிதம் மட்டும் உருண்டு வந்தது.

கிளம்பும் நேரம் ஆனது. எழுந்து போய் தன் சீட்டில் உட்கார்ந்தான், கதவை மூடினான், சாவியைத் திருப்பினான்.

கதவை யாரோ பட்பட்டென்று தட்டினார்கள்.

திறந்தான். மூச்சு வாங்க மனைவி நின்றாள். இடுப்பில் சிவப்புத் தொப்பியோடு மகள். மனைவி படியேறி வந்து அவன் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

“ஒரு டிக்கெட்.”

“எ... எது வரைக்கும்?”

“உங்க டியூட்டி முடியிற வரைக்கும்.”

பஸ்ஸுக்குள் கைதட்டல் கிளம்பியது. மகள் தாவி வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். அவன் முகமெல்லாம் பல்லாக, “அப்போ கோவம் போயிடுச்சா?” என்றான்.

“பேசுறேன்னு நினைச்சுக்காதீங்க” என்றாள் அவள், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு. “டிக்கெட்தான் கேக்கிறேன்.”