எல்லா அளவும் சரி

தம்பியின் சட்டைக்கு மேல் பட்டன் போட முடியாமல் அக்கா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரைக்கும் அவன் மேல் பட்டன் போட்டதே கிடையாது. கழுத்து வீங்கியிருக்கும், விட்டுவிடுங்கள் என்றார் மயானக் கூடத்து ஆள். விடுவாளா? பத்து மணிக்கு, தம்பி வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர் வருகிறார், ஐந்து நிமிஷம் பேசப்போகிறார் என்று இப்போதுதான் சேதி வந்திருந்தது. அந்த மனுஷன் முன்னால் தம்பி அரைகுறையாகப் படுத்திருக்கக் கூடாது. கடைசியில் சட்டையின் முதுகுப்பக்கத்தைக் கத்தரித்துத் தளர்த்திவிட்டு, பட்டனை மாட்டியே தீர்த்தாள்.

"அண்ணி, அவர் வந்து ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும். இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம்," என்றாள் தம்பி மனைவி. முந்தாநாள் காலையில் நாற்காலியிலேயே சாய்ந்துபோன புருஷனை முதலில் பார்த்தவள் அவள்தான். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நான் என்ன பண்ணப்போறேன்?" என்றாள் அக்கா. என்ன பண்ணப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

நடந்தது இதுதான். ஊருக்கு மேலே மலையில் ஒரு பனியாறு இருக்கிறது. முப்பத்தொரு வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு தரம், தம்பி அதில் ஏறுவான். பனிக்குள் துளைபோட்டு இறக்கியிருக்கும் அலுமினியக் குழாய்கள் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று அளந்து எழுதுவான். குழாய் எத்தனை வெளியே வந்திருக்கிறதோ அத்தனை பனி உருகிப்போயிருக்கிறது. அவ்வளவுதான் வித்தை. குழாய் இரண்டிரண்டு மீட்டர் துண்டாக இருக்கும். ரொம்ப நீட்டிக்கொண்டால் மேல் துண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கழற்றியதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு வருஷம் தம்பி கழற்றினான், எழுத மறந்தான். மூன்று வருஷம் கழித்து, வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்திருந்த குழாயைப் பார்த்தபோதுதான், இது எங்கேயிருந்து வந்தது என்று அவனுக்கு உறைத்தது.

பேசாமல் இருந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. இந்த மகானுபாவன் உட்கார்ந்து கடிதம் எழுதினான்: ஒன்பதாம் குழாயில் என் கணக்குத் தப்பு, உருகியது நான் சொன்னதைவிட இரண்டு மீட்டர் அதிகம்.

நகரசபைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் புதுக் குடியிருப்பு கட்ட நகரசபை துடித்துக்கொண்டிருந்த சமயம் அது. பனியாற்றின் காலடியில் ஏரி பெருகுகிறது, ஒருநாள் கரை உடையும், அங்கே வீடு கட்டாதீர்கள் என்று குறுக்கே நின்றவை தம்பியின் அளவுகள்தான். துணிக்கொடியைப் பார்த்துக் கணக்கெழுதுகிற ஆள், ஒன்று தப்பென்றால் எல்லாம் தப்பு, இஷ்டத்துக்கு இரண்டு மீட்டர் கூட்டிக்கொள்கிறான் என்று பத்திரிகையில் போட்டுக் கிழித்தார்கள். தன் தப்பைத் தானே சொன்னவன் பொய்யன் என்றால், சொல்லாதவனெல்லாம் யோக்கியனா? கேட்க ஒரு நாதியில்லை. விசாரணை முடிகிறவரை வரவேண்டாம் என்று ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர் தம்பியை வீட்டில் உட்காரவைத்தார். வீடுகள் மளமளவென்று எழும்பின.

அதில் ஒன்றை அக்காவின் மகள் வாங்கினாள். வாங்கவிடாதே என்று தம்பி அக்காவின் மருந்துக்கடைக்கே வந்து கெஞ்சினான். "உன் கணக்கு தப்புன்னு நீயே எழுதிக் குடுத்துட்டியேடா," என்றாள் அவள். கூடப் பிறந்தவள் சொன்னது. அவன் மறுபேச்சுப் பேசாமல் ஒரு இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இயக்குநர் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மலர்வளையம். அக்கா அவரை ஓர அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், பேசப்போவதைக் காட்டச் சொன்னாள். மனுஷன் தயங்கித் தயங்கித் தாளை எடுத்துக் கொடுத்தார். மலையை நேசித்தவர், எளிமையானவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர். ஒரு பக்கம் முழுக்கப் பூசி மெழுகியிருந்தது. அளவு என்ற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தாள், இல்லை.

"அவன் அளந்தது சரியா தப்பா, அதைச் சொல்லுங்க. ஒரு வரி போதும்."

"இது அதுக்கான இடம் இல்லம்மா."

"வேற எந்த இடம்? இன்னும் ஒரு மணி நேரத்துல எரிச்சிடுவாங்க."

இயக்குநர் கதவைப் பார்த்தார். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைப்போ என்னவோ, குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கெல்லாம் தெரியும்மா. விசாரணை அறிக்கை வந்து எட்டு மாசம் ஆச்சு. வெளியிலேர்ந்து மூணு பேர் வந்து எல்லாத்தையும் திரும்ப அளந்தாங்க. அந்த ஒண்ணைத் தவிர எல்லாமே சரி. அதையும் அவரே சரியாத்தான் திருத்தியிருந்தார்."

"இது அவனுக்குத் தெரியுமா?"

"சொல்லணும்னுதான் இருந்தோம். நகரசபைத் தேர்தல் முடியட்டும்னு..."

எட்டு மாசம். எட்டு மாசமும் தம்பி காலையில் எழுந்ததும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கவே போவான். அட பாவிகளா, ஒரு கடிதம் போட்டிருந்தால் உங்கள் வீட்டுக் கூரையா பறந்திருக்கும்? ஒரு போன்கூடவா பண்ண முடியவில்லை? அந்த மலர்வளையத்தை இயக்குநரின் கழுத்திலேயே மாட்டிவிடலாமா என்று அவளுக்கு வந்தது. மாட்டவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் அறுபது பேர் இருப்பார்கள். பாதிக்குமேல் ஆற்றங்கரைக் குடியிருப்புக்காரர்கள், மகளுக்கு அக்கம்பக்கம் என்று வந்தவர்கள். முன்வரிசையில் மகளும் மருமகனும், மகள் மடியில் ஒன்பது மாசப் பிள்ளை. இயக்குநர் தாளில் இருந்ததை அப்படியே வாசித்தார். மலையை நேசித்தவர் என்ற இடத்தில் குரலைக்கூடக் கொஞ்சம் தழுதழுக்க வைத்துக்கொண்டார். வாசித்து முடித்து உட்கார்ந்தார்.

அக்கா எழுந்தாள். வேண்டாம் என்று தம்பி மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். எழுந்த பிறகுதான் மகளின் முகம் அக்காவின் கண்ணில் பட்டது. தம்பி சொன்னது சரி என்றால் அந்த வீடு ஏரியின் வாயில் இருக்கிறது. இதைச் சொன்னால் இடி விழப்போவது பெற்ற மகள் தலையில்தான். பேசாமல் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட இருந்தது. உட்கார்ந்தால் தனக்கும் இயக்குநருக்கும் என்ன வித்தியாசம் என்ற நினைப்பு வந்தது, நிமிர்ந்தாள்.

"என் தம்பி ஒரு குழாயில தப்பு பண்ணினான். அதை அவனே சொன்னான். மத்ததெல்லாம் சரின்னு அறிக்கை வந்து எட்டு மாசம் ஆச்சாம். அவனுக்கும் சொல்லலை, உங்களுக்கும் சொல்லலை. நானும் அவனை நம்பலை." இயக்குநர் பக்கம் திரும்பினாள். "நான் சொல்றது உண்மையா? தலையாட்ட வேண்டாம். வாயால சொல்லுங்க."

இயக்குநர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நகரசபை ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கூடத்தை ஒருதரம் கண்ணால் துழாவினார். பிறகு எழுந்து நின்றார். அதற்காவது அவரை மெச்சத்தான் வேண்டும்.

"உண்மைதான். எல்லா அளவும் சரி."

தம்பி மனைவி அக்காவின் கையை விடவில்லை. ஆனால் இப்போது இழுக்கவும் இல்லை.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. குடியிருப்புக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போய், வாசலில் நின்று மலைப் பக்கம் அண்ணாந்து பார்த்தார்கள். மருமகனும் போய் அவர்களோடு நின்றார். பெட்டியை மூட வந்த இரண்டு ஆட்கள், இடம் ஒழியட்டும் என்று சுவரோரமாகக் காத்திருந்தார்கள்.

மகள் மட்டும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவிடம் வந்தாள். அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை.

"ஏரி உடையறதுக்கு மாமா ஏதோ வருஷக்கணக்கு சொன்னார்னு அன்னைக்கு என்கிட்ட சொல்லிச் சிரிச்சியேம்மா. எத்தனை வருஷம்?"

எந்த அறிக்கையிலும் இல்லாத, அவனாகப் போட்டு வைத்திருந்த கணக்கு அது. கடைக்கு வந்த அன்று சொல்லத்தான் சொன்னான். விரலை மடக்கிக்கூடக் காட்டினான். அக்கா அப்போது மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், எத்தனை என்று காதில் வாங்கவில்லை.

அவள் பெட்டியைப் பார்த்தாள். இரண்டு ஆட்களும் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.